திரும்பி வந்த பாவாடை

அந்துருண்டை வாசனை வந்தால் எனக்கு இன்றும் நாக்கு கசக்கும். படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவே இருந்த எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில், நான் நான்காம் வகுப்பு படித்த ஆண்டு, வகுப்பறை மூலையில் அடுக்கியிருந்த பழைய துணி மூட்டைகளின் வாசனை அது. மார்கழி மாதம். பக்கத்தில் புதிதாக வந்திருந்த கார் உதிரிபாகக் கம்பெனிக்காரர்கள், போகிக்குப் பழைய துணியை எரித்துப் புகை கிளப்பாமல் பள்ளியில் கொடுத்தால் ஏழைப் பிள்ளைகளுக்குச் சேர்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். "மறுசுழற்சி" என்ற சொல்லை டீச்சர் கரும்பலகையில் எழுதி எங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்.

எங்கள் தெருவில் யாரும் தங்களை ஏழை என்று நினைத்ததில்லை. ஏழைகள் வேறு எங்கோ இருப்பவர்கள். அதனால் அம்மா கிழிசலை அனுப்ப மறுத்துவிட்டாள். "வாங்கறவங்க இன்னா நெனப்பாங்க? நல்லதா ஒண்ணு குடுக்கணும்" என்று பெட்டியைக் கிளறி என் பச்சைப் பாவாடையை எடுத்தாள். தீபாவளிக்கு வாங்கியது. நான் வளர வளரப் பிரித்துவிடலாம் என்று அடியில் "டக்கு" பிடித்து, பச்சை நூல் பாதியில் தீர்ந்துபோனதால் மீதியைச் சிவப்பு நூலால் தைத்திருந்தாள். நான் அழுதேன். "குடுக்கச் சொல்லோ அழுதா புண்ணியம் வராது" என்றாள்.

மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போன அதே கம்பெனியின் வேன் பொங்கலுக்கு முன் திரும்பி வந்தது. பள்ளி வாசலில் "ஏழைக் குழந்தைகளுக்குப் பொங்கல் பரிசு" என்று பேனர் கட்டி எங்களை வரிசையில் நிறுத்தினார்கள். எந்த மூட்டை எந்த ஊரிலிருந்து வந்தது என்று அவர்கள் பார்க்கவே இல்லை போலிருக்கிறது. மேசைமேல் என் பாவாடையைப் பார்த்துவிட்டேன். கை காட்டிக் கேட்டு வாங்கினேன். போட்டோ எடுத்தார்கள். அதில் என்னைவிட நன்றாகச் சிரித்தவர் யாரும் இருந்திருக்க முடியாது. தொலைந்தது கிடைத்த சந்தோஷத்தில் வீடு வரை ஓடினேன்.

அம்மா சிவப்புத் தையலைத் தடவிப் பார்த்தாள். பிறகு பாவாடையை மடித்து எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கு நடந்தாள்.

"இது நாங்க குடுத்தது டீச்சர். எங்களுக்கே தர்மம் பண்றாங்களா?"

"சும்மா வர்றத வாணான்றியே! போட்டோலாம் அனுப்பியாச்சும்மா. எடுத்துக்கினு போ."

அப்பா அந்தக் கம்பெனியில்தான் கான்ட்ராக்டில் இருந்தார். ஷிப்ட் முடிந்து வந்து விஷயத்தைக் கேட்டவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நாளைக்கு சூப்பர்வைசர் என்னத்தான் கேப்பான். ஒரு பாவாடைக்காக என்னிய வேலைலேர்ந்து தூக்கணுமா? வாய மூடிக்கினு வச்சிக்க."

அம்மா வாயை மூடிக்கொண்டாள். பாவாடையை வைத்துக்கொள்ளவில்லை. போகியன்று விடியலில், தெருப் பிள்ளைகள் மேளம் தட்டிக்கொண்டிருக்க, எங்கள் வாசல் நெருப்பில் முதலில் விழுந்தது அதுதான். எனக்கு அன்று கோபமெல்லாம் அம்மாமேல்தான். அவள் செய்தது சரியா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. அந்தப் போட்டோ கம்பெனி கேண்டீன் சுவரில் வெகுநாள் தொங்கியதாம். அப்பா அதன் எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டிருக்கிறார்.

இப்போது என் மகள் படப்பையில் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் படிக்கிறாள். சமூக சேவை நாளுக்குப் பழைய துணி கேட்டார்கள். பழசைக் கொடுத்தால் வாங்குகிறவர்களுக்கு அவமானம், நல்லதைக் கொடுத்தால் அம்மாவைப் போல ஏமாந்துபோவேனோ என்று பயம். எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்து, கடைசியில் ஒரு மஞ்சள் கவுனைத் துவைத்துத் தேய்த்து அனுப்பினேன். பிள்ளைகளை ஓர் அரசுப் பள்ளிக்கு வேனில் கூட்டிப்போய், அவர்கள் கையாலேயே கொடுக்கவைத்திருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. என் மகள் கவுனை நீட்டுகிறாள். வாங்குகிற சிறுமி அவளைப் பார்க்காமல் கேமராவைப் பார்க்கிறாள்.

முன்பெல்லாம் எங்கள் தெருவில் சின்னதாகிப்போன துணி ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும்போது, முதலில் உடுத்தியவள் பெயரும் கூடவே போகும். மூன்றாவது பெண் உடுத்தும்போதும் அது "செல்வி பாவாடை"தான். செல்வியே எதிரில் வந்து, "உனுக்கு சூப்பரா கீதுடி" என்பாள். அந்தத் தெரு முழுக்க இப்போது கம்பெனி வேலைக்கு வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடும் ரூம்கள். பக்கத்து ரூமில் இருப்பது யாரென்று அங்கே யாருக்கும் தெரியாது.

"கவுன வாங்குச்சே, அந்தப் பொண்ணு பேரு என்னடி?" என்று மகளிடம் கேட்டேன்.

"தெரியலம்மா. பேசினா போட்டோ கெட்டுடும்னு மிஸ் சொன்னாங்க."