கொடி ஓரத்தில் மஞ்சள்

லிரியேவின் புருஷன் கொசோவோவில் ஜெயிலுக்குப் போனது திருடியதற்காக இல்லை. வீட்டு அலமாரியில் ஒரு கொடி இருந்ததற்காக. சிவப்புத் துணி, நடுவே இரண்டு தலையுள்ள கறுப்புக் கழுகு. லிரியே மாதிரி அங்கிருந்த அல்பேனியர்களுக்கு அதுதான் உயிர். ஒரு முழத் துணிக்குப் பயந்த சர்க்கார் என்ன சர்க்காரோ! மனிதர் உள்ளேயே செத்தார். லிரியே நியூ ஜெர்சி வந்து, ரொட்டிக்கடையில் மாவு பிசைந்து மகன் ஆகிமை ஆளாக்கினாள்.

தொண்ணூற்றொன்பதில் அங்கே சண்டை முற்றியதும் ஆகிம் போய் அல்பேனியர் படையில் சேர்ந்துவிட்டான். அதற்குப் பிறகு ஒரு போன்கூட இல்லை.

எதிர் அபார்ட்மெண்ட் விசாலாக்ஷி, தெரிந்த தமிழ்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். அந்தக் கொடியைத் தைத்துத் தரச் சொல்லி லிரியே அவளிடம் சிவப்பும் கறுப்புமாகத் துணி கொண்டுவந்தாள். ஊரில் கொடியை வீட்டில் ஒளித்துத்தான் தைப்பார்களாம். கடையில் வாங்க அவளுக்கு மனம் வரவில்லை. மாவு பிசைந்த கைக்கு ஊசியும் பிடிபடவில்லை. மகன் வந்து இறங்கும்போது ஏர்போர்ட்டில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

"நாமளே விசாவை நம்பி ஓட்டிட்டிருக்கோம். அடுத்தவங்க சண்டை நமக்கு எதுக்கு?" என்றான் கணவன் பசுபதி.

"ஒரு அம்மா கேக்கறா. நீங்க சும்மா இருங்க."

தைத்து முடித்ததும் கை தானாக மஞ்சள் டப்பாவுக்குப் போனது. ஓரத்தில் மஞ்சள் வைக்காமல் விசாலாக்ஷி புதுத்துணி எதையும் கொடுத்ததில்லை.

லிரியே அதைப் பார்த்துக் கொதித்துப்போனாள். "என் கொடியில என்ன அழுக்கு?" என்று தன் அரைகுறை இங்கிலீஷில் கத்தினாள்.

"அழுக்கு இல்ல ஆன்ட்டி. உங்க பையன் வீட்டுக்கு வரணும்னு வெச்சேன்."

லிரியே அந்த மஞ்சளைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் கொடியை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூனில் சண்டை ஓய்ந்தது. டிவியில் ஜனங்கள் அதே கொடியோடு தெருவில் ஆடினார்கள். லிரியே அந்தக் கூட்டத்தில் மகன் முகத்தைத் தேடினாள். யாரைக் கேட்டாலும் தெரியாது என்றார்கள். வேலைக்குப் போவதை விட்டாள், சாப்பாட்டை விட்டாள். மடியில் கொடியை வைத்துக்கொண்டு போன் பக்கத்திலேயே கிடந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை.

இலை உதிரும் காலத்தில் ஆகிம் வந்தான், பெட்டியில்.

கொடியைப் பெட்டிமேல் போர்த்தப் போகிறார்கள் என்று கேட்டதும் விசாலாக்ஷி பதறிவிட்டாள். மங்கலத்துக்கு வைத்த மஞ்சள் சவப்பெட்டிமேல் போவதா? சோப்போடு ஓடினாள்.

"குடுங்க ஆன்ட்டி, அந்த மஞ்சளைத் துவைச்சுத் தந்துடறேன்."

லிரியே கொடியை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"வேண்டாம். வீட்டுக்கு வரணும்னுதானே வெச்சே? வந்துட்டான்."