குங்குமம் வைத்த குப்பைத் தொட்டிகள்

போன வாரம் பாணேரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போயிருந்தேன். தங்கள் குப்பையில் ஒரு பிடிகூட ஊர்க் குப்பைக் கிடங்குக்குப் போகக்கூடாது, வழி சொல்லுங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். இப்போது அதுதான் என் பிழைப்பு. குப்பைக்கு யோசனை சொல்பவளுக்கு விசிட்டிங் கார்டு வேறு இருக்கிறது. வரவேற்பறையில் மணி பிளான்ட்டுக்கு நடுவே ஐந்து நிறத்தில் ஐந்து தொட்டிகள். நீலத் தொட்டியின் மூடியைத் தூக்கினேன். அட்டைப் பெட்டியில் டீ ஊற்றி ஊறிய வாடை குப்பென்று வந்தது. கூட நின்ற பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அது என் இருபதாவது வயதின் வாடை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். மராத்தி பேசும் ஊரில், கட்கியில், ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவள். அப்பா கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்கினார். அம்மா பங்கார் கடையில் பழைய சாமான் பிரித்தாள். காயலான் கடை என்று நீங்கள் சொல்வதை நாங்கள் இங்கே பங்கார் கடை என்போம். இதை நான் எங்கும் மறைத்ததில்லை. மறைத்தாலும் என் கைகள் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பிளாஸ்டிக் உறை கிடைத்தால் போதும், காதருகே கொண்டுபோய்க் கசக்கிப் பார்ப்பேன். மொறமொறவென்றால் ஒரு சாதி, சத்தமே இல்லாமல் மசிந்தால் வேறு சாதி. கல்யாண வீட்டில் தாம்பூலப் பையைக்கூட அப்படிக் கசக்கி, மாப்பிள்ளை வீட்டார் முறைக்க நின்றிருக்கிறேன்.

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்ததும் தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் டிரெய்னி வேலை கிடைத்தது. இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் இருக்கும். கார் கதவுக்குள் சத்தம் வராமலிருக்க ஒட்டும் தாள்கள் செய்கிற கம்பெனி. கூடச் சேர்ந்த பையன்களைத் தர சோதனைக்கும் டிராயிங் அறைக்கும் அனுப்பினார்கள். என்னைப் பின்பக்கம் கழிவு கொட்டும் ஸ்க்ராப் யார்டுக்கு அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

“இன்னாடி, நானே பங்காரை வுட்டுட்லாம்னு பாத்துக்கினு கீறேன். நீ சர்டிபிகேட் வாங்கிக்கினு போய் அதுலயே நிக்கிற?”

சிரித்துவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினாள். நான் சாப்பிடவில்லை. ஒரு வருடத்தில் வேலை நிரந்தரமாகும், அப்புறம் பார் என்று சொன்னேன். அந்த நிரந்தரக் கடிதம்தான் அன்று எனக்கு எல்லாம். வீட்டில் அதுவரை யாருக்கும் யாரும் கடிதம் கொடுத்து வேலை தந்ததில்லை.

மேனேஜர் தங்கவேல் சார் கோயம்புத்தூர்க்காரர். நல்லவர்தான். என் தமிழைக் கேட்டால் மட்டும் அவருக்குத் தாங்காது. “ஏம்மா, இன்னா கின்னான்னு பேசறியே, இது எந்த ஊருத் தமிழு?” என்பார். “கட்கித் தமிழ் சார்” என்பேன். வெளிநாட்டில் இருந்த பெரிய வாடிக்கையாளர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: உங்கள் குப்பை கிடங்குக்குப் போகக்கூடாது, மழைக்காலம் முடிந்ததும் ஆள் அனுப்பிப் பார்ப்போம். சார் உடனே நாலு நிறத்தில் தொட்டிகள் வாங்கினார். ஆங்கிலத்தில் சுவரொட்டி ஒட்டினார். தொட்டிகளை வாசல் தோட்டத்தருகே வரிசையாக வைத்தார். வந்தவர் கண்ணில் முதலில் பட வேண்டுமாம். குப்பை உண்டாகிற இடமோ உள்ளே, மெஷின்களுக்கு அடியில். தாளை வெட்டுகிறவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டம் வரை நடப்பானா? பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் போட்டான். அட்டையின்மேல் எண்ணெய்த் துணி விழுந்தது, அதன்மேல் டீ, அதன்மேல் வடாபாவ் காகிதம். எண்ணெய் பட்ட அட்டையைக் காகித ஆலை வாங்காது. கிழமை தவறாமல் லாரி வந்து மொத்தத்தையும் அள்ளிப்போனது.

அந்த லாரியில் ஒருநாள் ஏறிப் போனேன். சும்மா, பார்த்துவிட்டு வரலாமென்று. ஊருக்கு வெளியே ஒரு கிராமத்தை ஒட்டிக் குப்பை மலையாகக் கிடந்தது. கைப்பம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் என் கம்பெனிச் சட்டையைப் பார்த்தாள். குடத்தைச் சாய்த்துக் காட்டினாள். தண்ணீர் பால் விடாத டீ மாதிரி இருந்தது. “ஹே துமச்ச ஆஹே கா?” என்றாள். இது உங்களுடையதா என்று கேட்டாள். திட்டவில்லை, கேட்டாள்.

திரும்பி வந்த மறுநாளே, சாரிடம் கேட்காமல், தொட்டிகளை உருட்டிக்கொண்டுபோய் மெஷின்களுக்கு நடுவே வைத்தேன். சார் கத்தினார். “அங்கதான் சார் குப்பை விழுது” என்றேன். முறைத்துவிட்டு விட்டுவிட்டார். ஆனால் பழக்கம் போகவில்லை. எதில் எது என்று யாரும் பார்க்கவில்லை.

அப்புறம்தான் என் புத்திசாலித்தனம். நம் ஆயுத பூஜை நாளில் இங்கே கண்டே நவமி. மெஷினுக்கெல்லாம் செண்டுமல்லி மாலை, குங்குமம், தேங்காய். பூஜைத் தட்டு எல்லா இடமும் சுற்றியது, என் யார்டுக்கு மட்டும் வரவில்லை. “கச்ராவுக்கு எதுக்குப் பூஜை?” என்று ஒரு ஃபிட்டர் குப்பையைக் காட்டிக் கேட்டுச் சிரித்தான். எனக்கு வந்ததே கோபம்! மிச்சமிருந்த மாலைகளை வாங்கிக்கொண்டு வந்து நாலு தொட்டிக்கும் கட்டினேன். மஞ்சள், குங்குமம் வைத்தேன். தேங்காயும் உடைத்தேன். என் வேலையும் வேலைதான் என்று எல்லோரும் பார்க்கட்டும் என்று நினைத்தேன். பார்த்தார்கள்.

மறுநாளிலிருந்து ஒருவரும் அந்தத் தொட்டிகளில் குப்பை போடவில்லை!

துப்புரவு செய்கிற சுனந்தாவை எல்லோரும் மௌஷி, அதாவது சித்தி, என்போம்; டீக் கப்பைப் போடப்போன என் கையை அவள் தட்டிவிட்டாள். “அக பாயி! பூஜை செய்ததில் எச்சில் கப்பைப் போடுவாயா? கை அழுகிவிடும்” என்று மராத்தியில் பொரிந்தாள். குப்பை தரையில் குவிந்தது. வாடிக்கையாளர் அனுப்பும் ஆடிட்டர் வர இரண்டு வாரம். சார் என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, குப்பைத் தொட்டிய சாமியாக்கிட்டயே, இனி குப்பைய எங்க கொட்டறது, என் தலைலயா? கழுவி எடுத்துப்போடு!”

கழுவ மனமில்லை. குங்குமத்தை அழிக்க எந்தப் பெண்ணுக்கும் கை வராது என்று அவரிடம் சொன்னேன். உள்ளுக்குள் இருந்தது வெறும் வீம்பு. அந்த வீம்போடு போய் நின்றபோதுதான் பார்த்தேன்: ஒரு வெட்டும் ஆள் புத்தம் புதிய அட்டைப் பெட்டியைப் பிரித்து, மடித்து, நீலத் தொட்டியில் வைத்துவிட்டுப் போனான். எறியவில்லை, வைத்தான். மௌஷி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், தடுக்கவில்லை. “இது மட்டும் பரவாயில்லையா மௌஷி?” என்று கேட்டேன். “அது சுத்தம்தானே” என்றாள்.

அவ்வளவுதான். சுவரொட்டி நாலு மாதம் கத்தியும் நடக்காதது நடந்தது. சுத்தமான அட்டையும் சுத்தமான பிளாஸ்டிக்கும் குங்குமத் தொட்டிக்கு. எச்சிலும் எண்ணெயும் பக்கத்தில் வைத்த பழைய துருப்பிடித்த டிரம்முக்கு. அட்டையை ஆலைக்காரன் மறுபேச்சில்லாமல் எடுத்தான். உறைகளை அம்மா வேலை செய்த கடை எடுத்தது. எச்சில் கேன்டீன் பின்னால் குழியில் உரமானது. எண்ணெய் துடைக்கத் தூக்கி எறியும் பஞ்சுக்குப் பதில் துவைத்து எடுக்கும் துணி கொண்டுவந்தோம். மாலை வாடியதும் மௌஷியே புது மாலை கட்டினாள்.

ஒன்று மட்டும் மிஞ்சியது. எங்கள் சரக்கின் வெட்டுத் துண்டுகள். ஃபோமும் அலுமினியத் தாளும் பசையும் ஒன்றாக ஒட்டிய துண்டு. அம்மா ஒன்றை வாங்கிக் கசக்கி, உரித்து, கடித்தும் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இத்த எவனும் வாங்கமாட்டான். செய்யும்போதே பாத்துச் செஞ்சிருக்கணும்.” ஆக லாரி போய்க்கொண்டுதான் இருந்தது. முன்பு நிறைந்து போனது இப்போது கால்வாசியாகப் போனது.

மாத அறிக்கையில் ‘கிடங்குக்குப் போனது’ என்று ஒரு கட்டம். சார் பேனாவை நீட்டினார்.

“சைபர் போடும்மா.”

“லாரி போவுது சார்.”

“ஆடிட்டர் வர்ற அன்னிக்குப் போகாது. எல்லாக் கம்பெனியிலயும் சைபர்தான். உன் கன்ஃபர்மேஷன் லெட்டர் என் மேசைல கெடக்குது, தெரியுமல்ல?”

தெரியும். அதில் என் பெயரை டைப் அடித்திருந்ததை வெளியிலிருந்தே பார்த்திருந்தேன். கட்டத்தில் எவ்வளவு போகிறதோ அதை எழுதினேன். ஆடிட்டர் வந்த அன்று அந்தத் துண்டுகளைச் சாக்கோடு எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். என் ஆங்கிலம் மூன்று வாக்கியம்தான். இது போகிறது. இதைப் பிரிக்க முடியாது. நீங்கள் கேட்கிற சரக்கை மாற்றினால் போகாது. அவர் குறித்துக்கொண்டார். சார் ஃபேனைப் பார்த்தார்.

கடிதம் வரவில்லை. ‘இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம்’ என்றார்கள். ஆறு மாதமும் அதே கட்டத்தில் அதே உண்மையை எழுதினேன். பிறகு நானே விலகினேன். “லெட்டர் எங்கடி?” என்று அம்மா ஒரே ஒருமுறை கேட்டாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “தின்னு” என்று தட்டைத் தள்ளினாள்.

தொழில் மந்தமான போன வருடம் அந்தக் கம்பெனி மெஷின்களைக் கழற்றிக்கொண்டு வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது. தங்கவேல் சார் எங்கே இருக்கிறாரோ. மௌஷியின் வீட்டைத் தேடினேன், சால் என்கிற அந்த வரிசைவீடே இடிக்கப்பட்டிருந்தது. இனி அந்தக் கடிதத்தை எனக்குக் கொடுக்கக்கூடியவர் யாருமில்லை. லோணாவளா லோக்கல் ரயிலில் போகும்போது ஜன்னலோரம் எட்டிப் பார்ப்பேன். தொழிற்சாலை ஷெட் இல்லை. பின்பக்கம் யார்டு இருந்த இடத்தில் புல் முளைத்து ஆடு மேய்கிறது. அங்கே குப்பை கிடந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நம்ப வேண்டாம்.