பெட்டியில் இல்லாத வசனம்

எங்கள் சாப்பாட்டு மேசைமேல் ஒரு வாக்குத்தத்தப் பெட்டி இருக்கிறது. லிங்கராஜபுரத்தில் எங்கள் சபையார் யார் வீட்டுக்குப் போனாலும் அதைப் பார்க்கலாம். சின்னச் சின்ன அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். காலையில் ஒன்றை உருவி வாசித்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவோம். நான் அதோடு விடமாட்டேன். வீடு மாறுவதா, வேலையை விடுவதா, எது வந்தாலும் அந்தப் பெட்டியில்தான் கை போகும். "ஆண்டவர்கிட்ட கேக்கிறியா, லக்கி டிரா எடுக்கிறியா?" என்று என் கணவர் கேலி செய்வார்.

போன வருடம், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒரு சனிக்கிழமை, கோலார் தங்கவயலிலிருந்து போன் வந்தது. பேசியவர் என் அப்பாவின் பக்கத்து வீட்டுக்காரர். அப்பாவுக்குப் பக்கவாதம், வலப்பக்கம் விழுந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றார்.

அப்பா என்று எழுதவே எனக்குக் கை கூசுகிறது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், எங்களை விட்டுவிட்டு இன்னொருத்தியோடு போனவர் அவர். அதன்பிறகு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா தையல் மிஷினை மிதித்து மிதித்தே என்னை ஆளாக்கினாள். அவள் இறந்தும் சில வருடங்கள் ஆகிவிட்டன.

அந்த மனிதர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அவர்கூட இருந்த அம்மாவும் தவறிட்டாங்க. பாத்துக்க ஆளில்ல. ஓசூர் ரோட்டுல ஒரு ஹோம்ல ஆதரவில்லாதவங்கள எடுத்துக்கிறாங்களாம், நல்ல இடம்தான். சொந்தபந்தம் இருந்தா மட்டும் சேக்க மாட்டாங்க. நீங்க வர்றீங்களா, இல்ல யாருமில்லன்னு சொல்லிடட்டுமா? நாளைக்குள்ள ஒரு வார்த்த சொல்லும்மா."

எவ்வளவு வசதி பாருங்கள். நான் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. சும்மா இருந்தாலே போதும்.

போனை வைத்துவிட்டு நேராகப் பெட்டிக்குப் போனேன். முதல் அட்டையில், உன்னைக் கைவிடமாட்டேன் என்று கர்த்தர் சொல்லும் வசனம் வந்தது. எனக்கு எரிச்சல்தான் மூண்டது. அடுத்ததில் சமாதானம். மூன்றாவதில், சத்துருக்களுக்கு முன்பாகத் தலையை உயர்த்துவார் என்று இருந்தது. அப்பாடா, பதில் கிடைத்துவிட்டது என்று அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். பீர்க்கங்காய் சீவிக்கொண்டிருந்த கணவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"அந்தப் பெட்டில இருக்கிறதெல்லாம் ஆண்டவர் நமக்குச் செய்றதுதான். நாம செய்யவேண்டியதுன்னு ஒரு அட்டயாவது பாத்திருக்கியா?"

"என்ன சொல்ல வர்றீங்க?"

"அஞ்சாவது கட்டள உனக்கு மனப்பாடம். பின்ன எதுக்கு அட்ட உருவிட்டிருக்க?"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "நீங்க பேசுவீங்க. உங்கப்பா உங்களத் தோள்ல தூக்கிட்டுப் போனவர். எங்கப்பா எனக்கு என்னத்தக் கிழிச்சார், நான் கனம்பண்றதுக்கு?" என்று கத்தினேன். அவர் மறுபடியும் பீர்க்கங்காயைச் சீவ ஆரம்பித்தார். வாதாடியிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். ஞாயிறு பள்ளியில் வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்கு, 'உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணு' என்ற அந்தக் கட்டளையைச் சொல்லிக்கொடுப்பவள் நான். தகப்பன் நல்லவனாக இருந்தால் மட்டும் என்று அதில் ஒரு சொல் இல்லை என்பது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததால்தான் பெட்டிக்குப் போனேன்.

மறுநாள் காலை கார் எடுத்துக்கொண்டு தங்கவயல் போனோம். வார்டில் இருந்த சிஸ்டர், "இவரு நிமகெ ஏனாகபேகு?" என்று கன்னடத்தில் உறவு கேட்டாள். கணவர் முந்திக்கொள்ளாமல் பக்கத்தில் நின்றார். "நம்ம தந்தெ" என்றேன். கன்னடத்தில் சொல்வது கொஞ்சம் சுலபமாக இருந்தது.

அவரை எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்து ஹாலில் கட்டில் போட்டோம். அவர் என் முகத்தையே பார்க்கவில்லை. உள்ளறைக் கதவைத்தான் பார்த்தபடி படுத்திருந்தார். வந்த சில நாட்களில், ஒரு மத்தியானம், ரசஞ்சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். கோணிய வாயால் ஏதோ கேட்டார். குனிந்து காது கொடுத்தேன்.

"உங்கம்மா... இன்னும் கோவமா? வெளிய வரவே மாட்டேங்கறா."

அம்மா உள்ளே இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு இத்தனை நாளும் அந்தக் கதவைப் பார்த்திருக்கிறார். அவருக்கென்று நான் வருடக்கணக்கில் சேர்த்துவைத்த வார்த்தைகள் அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்தன. கடவுளே, இவரையா கனம்பண்ணச் சொன்னீர் என்று நெஞ்சு கொதித்தது.

"அம்மா இறந்துட்டாங்க," என்றேன். "அப்ப உங்களுக்குச் சொல்ல வேணாம்னு நான்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன்."

வாயில் இருந்த சோற்றை விழுங்காமல் அழுதார். முந்தானையால் துடைத்துவிட்டேன். எனக்குக் கோபம் அப்படியேதான் இருந்தது. அது தணியட்டும் என்று நான் காத்திருந்தால் அந்த மனிதர் பட்டினிதான் கிடந்திருப்பார். அடுத்த வாய்ச் சோற்றை எடுத்தேன், வாயைத் திறந்தார்.