ஆடி அமாவாசைக் கோழி

ஆடி அமாவாசையன்று, நாங்கள் புலம்பெயர்ந்து வந்த மோர்னிங்சைட்டில் எங்கள் கட்டடம் முழுக்கக் காத்தோட்டிக்காய் பொரிக்கிற மணம். தகப்பனை இழந்தவர்கள் கடலில் முழுகி, விரதமிருந்து, அந்தக் கசப்புக் காயோடு மரக்கறிச் சோறு சாப்பிடும் நாள் அது. தகப்பன் இருப்பவர்களுக்கு அந்த விரதம் இல்லை. எங்கள் அப்பா அன்று லீவு போட்டு, ஐஸ்பெட்டி நிறைய மசாலா பிரட்டிய கோழியோடு எங்களை ஏரிக்கரைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவார். இரண்டரை மணி நேர ஓட்டம். அப்பாவின் அப்பாவான அப்பப்பா ஊரில் நடந்த கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். உடலைக் கண்டவர் இல்லை; அப்பா கடிதம் எழுதாத அலுவலகமும் இல்லை. எனக்கோ அது வருடத்தின் ஆகச் சிறந்த நாள்.

"ஊரெல்லாம் விரதம், நீங்கள் இறைச்சி வாட்டுறியள்" என்று அம்மா வருடந்தோறும் முணுமுணுப்பார்.

"என்ர அப்பா இருக்கிறார்" என்பார் அப்பா.

எனக்கு எட்டு வயதான அந்த முறை, மணற்குன்றில் ஏறக்கூடாது என்ற பலகையை வாசித்துவிட்டுத்தான் ஏறினேன். மறுபுறம் இறங்கினால் எல்லாக் குன்றும் ஒரே குன்று. ஏரி எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் பயத்தைவிடப் பசிதான் அதிகம்.

அப்பா என்னைக் கண்டுபிடித்தபோது கூப்பிட்டுக் கூப்பிட்டே அவருக்குக் குரல் அடைத்திருந்தது. அடி விழும் என்று கன்னத்தைப் பொத்தினேன். அவர் தூக்கிக்கொண்டு நடந்தார்.

"எவ்வளவு நேரம் தேடினனீங்கள்?"

"அரை மணித்தியாலம்." கொஞ்சத் தூரம் போனபின், எனக்கென்றில்லாமல் சொன்னார்: "உயிரோட இருக்கிற ஆளெண்டால், தேடினா அம்பிடும்."

நாங்கள் திரும்பி வந்ததும் அம்மா தணலில் கோழியை அடுக்கப் போனார். "வேண்டாம், மூடி வையும்" என்றார் அப்பா. அம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடினார். அப்பா சேட்டைக் கழற்றிவிட்டு ஏரிக்குள் இடுப்பளவு இறங்கினார். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் காற்றடைத்த அன்னத்தில் மிதந்துகொண்டிருந்தது.

"இஞ்சேருங்கோ, உது கடலில்லையே" என்றார் அம்மா.

"தண்ணிதானே" என்றுவிட்டு மூன்று முறை முழுகினார்.

கோழி வந்த வழியே திரும்பியது. நான் வீட்டுக்குக் கிட்டவுள்ள விட்பி வரை அழுதேன்.

அடுத்த ஆடி அமாவாசைக்கு நாங்கள் எங்கும் போகவில்லை. எங்கள் வீட்டிலும் காத்தோட்டிக்காய் பொரிந்தது. அப்பா என் தட்டிலும் ஒன்று வைத்தார். வாயெல்லாம் கசந்தது. போன வருடம் நான் தொலைந்துபோனதற்கு இதுதான் தண்டனை என்று நினைத்து, முகம் சுளிக்காமல் விழுங்கினேன்.