எந்த ஆரஞ்சு?

ஆரஞ்சு என்பது எந்த நிறம்? இன்றுவரை எனக்கு விடை தெரியாது. மகளின் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் நேற்று, "வெள்ளிக்கிழமை ஆரஞ்ச் டே" என்று வந்தது. கூடவே பளீரென்று ஒரு கவுனின் படம். அலமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். எதற்கும் இப்படி நிற்பது என் வழக்கம். பால் பாக்கெட் வாங்கப் போனாலும் நிற்பேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டில் ஆரஞ்சு என்றால் பழம் மட்டும்தான். நிறமென்றால் அம்மா கனகாம்பரக் கலர் என்பாள், கேசரிக் கலர் என்பாள், செங்கல் கலர் என்பாள். கேசரியிலும் அம்மா பவுடரைக் கிள்ளிப் போட்டால் ஒரு நிறம். அப்பா கிண்டினால் நாக்கெல்லாம் வேறு நிறம்.

அப்படிச் சிவந்த நாக்கோடு நான் பள்ளிக்குப் போன ஒரு நாளில்தான் டான்ஸ் மிஸ், "ஆண்டு விழாவுக்கு எல்லாரும் ஆரஞ்ச் பாவாடை" என்றார்.

"எந்த ஆரஞ்சுடி? கேட்டியா?" என்றாள் அம்மா.

மிஸ்ஸிடம் கேட்கப் பயம். குரோம்பேட்டை ஜவுளிக் கடையில் அம்மாவே முடிவெடுத்தாள்: செங்கல்.

ஒத்திகைக்குப் போனால் ஒருத்தி பப்பாளி, ஒருத்தி கனகாம்பரம், என் தோழி நஸ்ரின் அசல் கேசரி. மிஸ் தலையில் கைவைத்துக்கொண்டார். என்னைக் காட்டி, "இது ஆரஞ்சா? பிரவுன்! நீ போய் உக்காரு" என்றார். எனக்குக் கண்ணீர் முட்டிவிட்டது.

நஸ்ரின் விடவில்லை. "மிஸ், லைட் கலர்லேந்து டார்க் வரைக்கும் வரிசையா நிப்பாட்டுங்க. சூரியன் எறங்குற மாதிரி இருக்கும் மிஸ்." என் காதில், "ஏய் செங்கல், நீதான் கடைசி" என்று கிண்டல் வேறு.

அப்படியே ஆடினோம். மஞ்சளாகத் தொடங்கிய வரிசை என்னிடம் வந்து சிவந்து முடிந்தது. கைதட்டல் அடங்குமுன் மிஸ் அதைத் தன் யோசனையாக்கிக்கொண்டார்.

இப்போது தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் கனகாம்பரத்தைப் பார்ப்பதே அரிது. கேசரிப் பவுடரை நானே வீட்டுக்குள் விடுவதில்லை. குழந்தைக்கு ஆகாதோ என்று பயம். ஜவுளிக் கடையில் யாரும் நிறத்துக்குப் பெயர் சொல்வதில்லை, செல்போனில் படத்தை நீட்டுகிறார்கள்.

மகளோ காவிச் சட்டை ஒன்றை உருவியெடுத்து, "இதாம்மா ஆரஞ்ச்" என்கிறாள், துளியும் சந்தேகமில்லாமல். எனக்கென்னவோ அனுப்பலாம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் படத்திலிருப்பது போல் இல்லையென்று தனியே உட்காரவைத்துவிட்டால்? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? வெள்ளிக்கு முன்னால் சொல்லுங்களேன்.