லேப்பில் ஏலக்காயைக் கடித்த பேத்தி

மூத்த பேரன் தேனியில் பல் டாக்டர். அவன் தங்கை கொச்சியில் நர்ஸ். சின்னவள் பவித்ரா, போடி கல்லூரியிலிருந்து மாறி, சென்னையில் பெரிய பல்கலைக்கழகத்தில் வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

போனதிலிருந்து அழுகைதான். "எல்லாரும் மொத வருசத்துலேருந்தே கூட்டாளிக. எங்கூட யாருமே பேசல. திரும்பி வந்துர்றேன் அப்பத்தா" என்பாள்.

இன்று வீடியோவில் சிரித்தபடி வந்தாள்.

"லேப்புல ஏலக்காய் எண்ணெய் எடுக்கச் சொன்னாக. கையில குடுத்ததும் ஒண்ண உடைச்சு வாயில போட்டுட்டேன்."

ஏலக்காய்ச் சந்தை நடக்கும் எங்கள் போடியில் யாராக இருந்தாலும் அப்படித்தானே செய்வோம்!

"அதுக்கென்னடி?"

"லேப்புல எதையும் வாயில வைக்கக் கூடாது அப்பத்தா. மேடம் வெளுத்து வாங்கிட்டாக. எல்லாரும் சிரிச்சாக. ஆனா பக்கத்து மேசைப் பிள்ள வந்து, 'எப்படிப்பா இருந்துச்சு?'ன்னு கேட்டா. மத்தியானம் அவகூடத்தான் சாப்பிட்டேன்."

எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"வாயில போடாம காயோட தரம் எப்படித்தா தெரியும்?" என்று கேட்டேன். நீராவியில் எண்ணெயைப் பிரித்து ஒரு மெஷினில் விட்டால், அதில் இருப்பதையெல்லாம் கோடு கோடாக வரைந்து காட்டுமாம்.

மணத்தை எப்படிக் கோடாக வரைய முடியும்? ஐந்தாவதோடு நின்ற எனக்குப் பிடிபடவில்லை. தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.

பவித்ரா, அந்த வெள்ளைக் கோட்டைப் போட்டு, அந்தப் பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்தி, ஒரு புதுப் படம் எடுத்து வெரசா இங்கே போடு ஆத்தா. பள்ளிக்கூடத்துப் படத்தையே இன்னும் எத்தனை பேரிடம் காட்டுவது?