தாஸிம் மச்சானின் தனிச்சோறு

தேநீர் குடித்து முடிந்ததும் தாஸிம் மச்சான் தன் கோப்பையைத் தானே கொதிநீரில் அலசி, ஜன்னலோரம் தனியாகக் கவிழ்த்து வைப்பார். வேறு யாராவது அதைத் தொட்டுவிட்டால் அன்று முழுக்க முகம் கடுகடுப்பாகவே இருக்கும்.

அலவத்துகொடயில் மிளகும் கராம்பும் வாங்கி விற்பவர். முன்பெல்லாம் மிளகைக் கடித்துப் பார்த்துத்தான் விலை பேசுவார். இப்போது வாயருகே கொண்டுபோவதே இல்லை. அவர் மனைவி, என் மூத்த சகோதரி கைரியா, தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்து அவரைப் பிழைக்க வைத்தாள். அடுத்த வருடமே இரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தது. எப்படி வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாதிருக்க அவர் விழுங்கும் குளிசைகளே இந்தக் கிருமிக்கும் வழி திறந்துவிடுமாம். ஈரலைக் காக்க இன்னொரு குளிசை. அதைத் தவறவிடவே கூடாது.

யுத்தம் நடக்கிற காலம். கண்டிக்கு கிளினிக் போகும் வழியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கிச் சோதிப்பார்கள். மற்றவர்கள் சிப்பாய்க்குப் பயந்து நிற்க, இவர் சிப்பாய்க்காகப் பயப்படுவார். குளிசைப் பெட்டியைத் தொட்டவனிடம் கையைக் கழுவிக்கொள்ளும்படி சிங்களத்தில் சொல்லப்போய், அவன் சந்தேகப்பட்டு நிறுத்திவைக்க, ஒருமுறை பஸ்ஸையே தவறவிட்டார். கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

சேர்ந்து சாப்பிடுவதால் இது தொற்றாது, இரத்தத்தால்தான் தொற்றும் என்று டொக்டர் பல தடவை சொல்லிவிட்டார். கைரியாவுக்குத் தடுப்பூசியும் போட்டாயிற்று. மச்சான் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். வீட்டுக்கு வந்து தனியாகவே சாப்பிடுவார்.

"கிட்னியத் தந்தவளுக்கு நான் இந்த ஈரல் வருத்தத்தக் குடுக்கவா? எனக்கு ஏலா," என்றார் என்னிடம்.

போன ஹஜ்ஜுப் பெருநாளன்று வீட்டார் எல்லோரும் சஹனைச் சுற்றி, ஒரே பெரிய தட்டில் கைவைத்து உண்ண உட்கார்ந்தோம். மச்சான் வழக்கம்போல் மூலையில், தன் பீங்கான் தட்டோடு. கைரியா எங்களை விட்டு எழுந்துபோய் அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

"என்ட கிட்னி ஒங்கட ஒடம்புக்குள்ள ஈக்கிது. ஒரு பீங்கான்ல ரெண்டு பேர் திண்டா என்ன?"

அவருடைய சோற்றில் கைவைத்தாள். மச்சானின் கை அப்படியே நின்றுவிட்டது. பீங்கானை இழுத்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். அவள் ஒரு வாய் தின்றாள், இன்னொரு வாய் தின்றாள். நாங்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டோம். பிறகு அவர், தலை நிமிராமலே, சஹனில் பக்கத்திலிருப்பவருக்கு எல்லோரும் செய்வதைப் போல, இருந்த ஒரே இறைச்சித் துண்டை விரலால் மெல்ல அவள் பக்கம் தள்ளினார்.